நான்கு அங்குல ரப்பர்

225/45 ஆர்18. என் காரின் முன் டயரில் இருக்கும் எழுத்து இதுதான். டயரின் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 18 அங்குலம். கணக்குப் போட்டால் பக்கச்சுவர் 101 மி.மீ. வரும். சாலைக்கும் அலாய் வீலுக்கும் நடுவே இருப்பது இந்த நான்கு அங்குல ரப்பர் மட்டும்தான். ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கப்போகிறேன், யோசனை சொல்லுங்கள் என்று வருகிறவர்கள் குதிரைத்திறனையும் சன்ரூஃபையும் பற்றிக் கேட்பார்கள். நான் டயரிலிருந்து ஆரம்பிப்பேன். சிலருக்குச் சப்பென்று போய்விடும்.

என்னுடையது பி.எம்.டபிள்யூ. 330ஐ, 3 சீரிஸில் ஜி20 என்கிற தலைமுறை. முதல் ஓனர் ஒரு டாக்டர். அவரிடம் மூன்று வருடம் இருந்துவிட்டுக் கோவைக்கு வந்தது. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க், நூறைத் தொட 5.8 வினாடி. இதையெல்லாம் இன்றைக்கு ஒரு மின்சாரக் கார் அலட்டிக்கொள்ளாமல் தாண்டிவிடும். வேகத்துக்காக மட்டும் இந்தக் காரை வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். எஞ்சின் முன்னால், இழுவை பின்னால், எடை இரு பக்கமும் ஏறக்குறையச் சரிபாதி. முன் சக்கரத்துக்கு வண்டியை இழுக்கிற வேலை இல்லை. திரும்புவதையும் நிறுத்துவதையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். 1975-ல் முதல் 3 சீரிஸ் வந்தபோது இருந்த அடிப்படை ஏற்பாடு இது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது, இன்னும் எவ்வளவு பிடிக்கும் என்பது ஸ்டீயரிங் வழியாகவும் இடுப்பு வழியாகவும் தெரிந்துகொண்டே வரும். காசு கொடுத்து வாங்கியது அதைத்தான். இந்தக் காரில் எதைச் சேர்த்தாலும், எதை மாற்றினாலும், எதற்குச் செலவழித்தாலும் அந்த உணர்வு கூடுமா குறையுமா என்று மட்டும் பார்ப்பேன்.

ஜெர்மனியில் இந்தக் காரை ஆர்டர் செய்கிறவர் நீளமான பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். சீட்டுக்கு ஒரு விலை, சஸ்பென்ஷனுக்கு ஒரு விலை, ஸ்டீயரிங்குக்கு ஒரு விலை. நமக்கு அந்தச் சுகம் குறைவு. 3 சீரிஸ் 2007-லிருந்து செங்கல்பட்டு பக்கம், சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அசெம்பிள் ஆகிறது. பாகங்கள் பெட்டியில் வந்து இறங்கி இங்கே சேர்வதால், கம்பெனி வேரியன்ட் என்று கட்டிக் கொடுக்கும் பேக்கேஜை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 2015 வாக்கில் உள்ளூர்ப் பாகங்களைக் கூட்டினார்கள். எஞ்சினைப் பூட்டித் தருவது ஃபோர்ஸ் மோட்டார்ஸ், ஆக்சில் இசட்.எஃப். ஹீரோ, சீட் லியர் என்று ஏற்பாடு. அந்த வருஷம் சச்சின் டெண்டுல்கர் அந்த ஆலைக்கு வந்து ஒரு காருக்கு எஞ்சின் பூட்டிவிட்டுப் போனார். என் காருக்குப் பூட்டியது யார் என்று தெரியாது. போல்ட்டுகளை ஒழுங்காக முடுக்கியிருக்கிறார், அது போதும்.

டிக் அடிக்க முடியாவிட்டாலும் அந்தப் பட்டியல் ஒவ்வொரு காரோடும் பதிவாகி வருகிறது. சேஸிஸ் எண்ணின் கடைசி ஏழு இலக்கத்தைக் கொடுத்தால் காரின் ஜாதகம் வந்து விழும். 403 என்றால் சன்ரூஃப். 481 என்றால் ஸ்போர்ட்ஸ் சீட். 610 என்றால் முன் கண்ணாடியில் வேகம் தெரியும் ஹெட்-அப் டிஸ்ப்ளே. 688 என்றால் ஹார்மன் கார்டன் ஸ்பீக்கர். 2விஎஃப் என்றால் அடாப்டிவ் எம் சஸ்பென்ஷன். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. டிக்கியில் எம் என்ற எழுத்து ஒட்டியிருக்கிறது என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. அந்த எழுத்து எந்த ஆக்சசரீஸ் கடையிலும் கிடைக்கும்.

இனி டயருக்கு வருகிறேன். இதே காருக்கு 17 அங்குல ரிம் போட்டால் 225/50. பக்கச்சுவர் 112 மி.மீ. 19 போட்டால் முன்னால் 225/40, வெறும் 90. ஷோரூம் விளக்கில் 19 அங்குலம்தான் அழகு, மறுப்பதற்கில்லை. வெளியே வந்து அவிநாசி ரோட்டில் கேபிள் பதிக்கத் தோண்டி மூடிய ஒரு பள்ளத்தில் இறங்கும்போது, காணாமல் போன அந்த ஒரு சென்டிமீட்டர் ரப்பருக்குப் பதிலாக ரிம்மின் விளிம்பு அடி வாங்கும். ரிம் பெரிதானால் பெரும்பாலும் எடையும் கூடும். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் எடை என்பதால் ஷாக் அப்சார்பருக்கு வேலை அதிகம். சக்கரம் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டு போவது சிரமமாகும். கெட்டியான பக்கச்சுவர் வளைவில் சுறுசுறுப்பாகத் தோன்றும்தான். ஆனால் நம் சாலையில் டயர் குதித்துக்கொண்டே போனால் அந்தச் சுறுசுறுப்பை எங்கே வைத்துக்கொள்வது?

நான் போகும் டயர் கடையில் ஒரு பையன் இருக்கிறான். “ஏனுங்ண்ணா, இந்த வண்டிக்கு 19 போட்டாத்தானுங்க ஒரு கெத்து” என்பான். “கெத்து நிக்கிற வண்டிக்குத் தம்பி, நா இதை ஓட்டறனே” என்பேன். இருவருமே விட்டுக்கொடுத்ததில்லை.

சன்ரூஃப் வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, குறிப்பாக வீட்டில் குழந்தைகள் இருந்தால். சரி, வைத்துக்கொள்ளுங்கள், பராமரிக்கத் தெரிந்துகொண்டு வைத்துக்கொள்ளுங்கள். சன்ரூஃப் என்பது மழைத்தண்ணீரை முழுக்கத் தடுக்கும் மூடி இல்லை. ரப்பரைத் தாண்டி உள்ளே வரும் தண்ணீரை ஒரு தொட்டிபோல் பிடித்து, நான்கு மூலையிலும் இருக்கும் மெல்லிய குழாய் வழியாகக் கீழே இறக்கிவிடுவதுதான் அதன் அமைப்பு. வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர் காரில் சித்திரை மாதம் அந்தக் குழாயில் வேப்பம்பூ அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் தண்ணீர் வேறு வழி தேடும். இந்தக் காரில் பேட்டரி இருப்பதே டிக்கியின் வலது மூலையில். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை கூரையைத் திறந்து, மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது சக்கரத்தின் பின்னால் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

அடாப்டிவ் சஸ்பென்ஷன் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். பட்டனைத் தட்டினால் ஷாக் அப்சார்பர் இளகும், இறுகும், நல்ல சாமான்தான். புது வண்டி, வாரண்டி இருக்கிறது, ஐந்து வருடத்தில் விற்றுவிடுவேன் என்றால் கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளலாம். பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவர் சாதா ஷாக் அப்சார்பரோடு 17 அல்லது 18 அங்குலத்தில் நிற்பது மேல். எலெக்ட்ரானிக் வால்வு உள்ள ஷாக் அப்சார்பர் ஒன்றின் விலையில் சாதா ஒரு ஜோடிக்கு மேல் வாங்கலாம். ஆடம்பரக் காரில் வயசாக ஆகக் காரின் விலைதான் இறங்குமே தவிர ஸ்பேரின் விலை இறங்காது. பழைய கார் சல்லிசாகக் கிடைக்கிறது என்று இறங்குகிறவர்கள் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதுதான்.

ஸ்போர்ட்ஸ் சீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆம். இடுப்பின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வதால் வளைவில் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. கை தளர்வாக இருந்தால்தான் ஸ்டீயரிங் சொல்வது கேட்கும். லெதர் வெளிர் நிறம் வேண்டாம், புது ஜீன்ஸ் சாயம் ஏறிவிடும். அடாப்டிவ் எல்.இ.டி. ஹெட்லைட்டுக்கும் ஆம், ராத்திரி ஓட்டுகிறவருக்கு அதைவிடப் பிரயோசனமான ஆப்ஷன் கிடையாது. ஹெட்-அப் டிஸ்ப்ளே இருந்தால் கண் சாலையை விட்டு இறங்காது. விரலைக் காற்றில் சுழற்றினால் பாட்டுச் சத்தம் கூடுகிற ஜெஸ்சர் கண்ட்ரோல், கையை ஆட்டி ஆட்டிப் பேசும் குடும்பங்களுக்கு ஒத்துவராது. ஸ்பீக்கருக்கு அதிகம் கொடுக்கலாமா என்று கேட்டால் என் காது அவ்வளவு நுட்பமானது இல்லை. ராஜா பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் ராஜா பாட்டாகத்தான் இருக்கிறது.

புதுக் காரில் ஒரு ஆப்ஷனைச் சேர்க்கும்போது அதன் விலையோடு கதை முடிவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் காருக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 20 சதவீதம். அதற்கு மேல் இன்சூரன்ஸ். அந்த டாக்டர் தன் காலத்து வரிகளையெல்லாம் கட்டியபின் கார் எனக்கு வந்தது என் அதிர்ஷ்டம்.

பராமரிப்பில் நான் மெக்கானிக்கை நம்பாமல் நானே செய்வது ஒன்று உண்டு. வாரம் ஒரு காலை, எஞ்சின் எழும்பாத நேரத்தில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார்ப்பேன். பார்த்துவிட்டு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முன் டயரின் உட்புற விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். பின் டயருக்குக் குனிந்து கையை உள்ளே விட வேண்டும். வளைவில் பிடிமானம் கிடைப்பதற்காகப் பின் சக்கரங்களை மேல்பக்கம் உள்ளே சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதனால் உட்புறம்தான் முதலில் தேயும். வெளியே நின்று பார்த்தால் டயர் புதிதுபோல இருக்கும், உள்விளிம்பில் மொட்டை தட்டும். ஒரு பக்கம் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் அலைன்மென்ட் தப்பியிருக்கிறது. இந்தக் காரில் பின் டயர் 255/40, முன்னதைவிட அகலம் என்பதால் முன் பின் மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது. புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம் செய்தது. கூடவே ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் பி.எம்.டபிள்யூ. அங்கீகரித்த டயர்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதிலும் ஒரு நாசூக்கு இருக்கிறது. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தை அதில் தொங்கவிட்டு நட்டைப் போடலாம். இதில் ஸ்டட் இல்லை; போல்ட்தான். கனமான சக்கரத்தை ஹப்பின் நடு வளையத்தில் உட்கார வைத்து, ஓட்டைக்கு ஓட்டை நேர் பார்த்துப் போல்ட்டைக் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் காற்றுத் துப்பாக்கியை வைத்தால் மரை போய்விடும். மரை ஹப்பில் இருப்பதால் ஹப்பையே மாற்ற நேரும். கடைசியாக டார்க் ரெஞ்சில் 140 நியூட்டன் மீட்டர், எதிரெதிர் வரிசையில். என் டிக்கியில் டார்க் ரெஞ்ச் எப்போதும் கிடக்கும். டயர் கடையில் அதை எடுத்துக் கொடுக்கும்போது ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பழகிவிட்டது.

எஞ்சின் ஆயில் பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சின் சூடானபின் திரையில்தான் அளவு தெரியும். ஆயில் மாற்றக் கார் தானே நினைவூட்டும் கெடு எனக்கு நீளமாகப் படுகிறது. டர்போ எஞ்சின், கோடை வெயில், காந்திபுரம் சிக்னல், எல்லாம் சேர்த்துப் பார்த்து அதில் ஏறக்குறையப் பாதியிலேயே மாற்றிவிடுவேன். டப்பாவில் பிராண்டை நான் பார்ப்பதில்லை, கம்பெனி கேட்கும் லாங்லைஃப் தர எண் அச்சாகியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

கியர்பாக்ஸ் இசட்.எஃப். தயாரித்த எட்டு ஸ்பீடு ஆட்டோமேட்டிக். அதன் ஆயிலை மாற்றக் கார்க் கம்பெனியின் அட்டவணையில் கெடு எதுவும் இல்லை. கியர்பாக்ஸ் செய்த இசட்.எஃப்.போ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேட்பது என் வழக்கம். இதில் ஃபில்டர் தனியாக வராது. கீழே இருக்கும் பிளாஸ்டிக் சம்ப்போடு ஒன்றாக வார்த்தது, அதனால் சம்ப்பையே மாற்ற வேண்டும். அளவு பார்ப்பதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான். கோவை மே மாதத்தில் மதியம் ஆரம்பித்தால் வண்டியைத் தூக்கி நிறுத்துவதற்குள் சூடு எகிறிவிடும். காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால் மெக்கானிக் முணுமுணுப்பார். ஆனாலும் வருவார்.

பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயிலுக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். வால்பாறையிலிருந்து இறங்கும்போது கீழ் கியரில் விடாமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருகிறவருக்கு அந்த வித்தியாசம் இருபதாவது வளைவில் பெடல் பஞ்சாகும்போது புரியும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடது பக்கத் துடுப்பைத் தட்டினால் கியர் இறங்கும். அதை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. பேட் தேய்ந்ததைச் சொல்லும் சென்சார் ஒயர் முன்னால் இடது சக்கரத்திலும் பின்னால் வலது சக்கரத்திலும் மட்டுமே உண்டு. மற்ற இரண்டையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரியை மாற்றினால் மட்டும் போதாது, மாற்றியதைக் காருக்குச் சொல்லவும் வேண்டும். பேட்டரியின் வயதைக் கணக்கில் வைத்து எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது என்று கார் தீர்மானிக்கிறது. சொல்லாமல் விட்டால் பழசுக்கு ஏற்றிய மாதிரியே புதிதற்கும் ஏற்றிப் பேட்டரியின் ஆயுளைக் குறைத்துவிடும். ஓ.பி.டி. சாக்கெட்டில் அடாப்டரைச் செருகிப் பதிவுசெய்ய ஐந்து நிமிடம் போதும். ஏ.ஜி.எம். வகைக்குப் பதிலாகச் சாதா பேட்டரி வைத்துக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்கிற கடைக்காரரிடம் அடுத்த தடவை போகாதீர்கள்.

ஸ்பேர் வாங்குவதில் ஒரு சூட்சுமம். எந்தப் பாகத்துக்கும் 11 இலக்க எண் உண்டு. அந்த எண்ணை வைத்துத் தேடினால் கார்க் கம்பெனியின் பெட்டியில் வருவதைச் செய்தவர் யார் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சஸ்பென்ஷன் ஆர்ம் என்றால் லெம்ஃபோர்டர், ஷாக் அப்சார்பர் என்றால் சாக்ஸ், ஃபில்டர் என்றால் மான் அல்லது மாலே. முதல் இரண்டும் இசட்.எஃப்.புக்குச் சொந்தமான பிராண்டுகள். அதே பாகம் அவர்கள் சொந்தப் பெட்டியில் பல நேரம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஃபில்டரில் மட்டும் போலி நிறைய உலவுகிறது. அங்கே நூறு இருநூறுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். பானெட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், கூலண்ட் டேங்க் போன்ற பிளாஸ்டிக் சாமான்களை நம் வெப்பம் இறுக்கிவிடும். அவை ஒன்றொன்றாகக் கசியும்வரை காத்திருக்காமல் எட்டாவது வருடத்தை ஒட்டி மொத்தமாக மாற்றிவிடுவதாக இருக்கிறேன். கூலி ஒரு தடவைதானே.

வீட்டில் இன்னும் முடியாத வழக்கு ஒன்று இருக்கிறது: ரன்ஃப்ளாட் டயர். பஞ்சரானாலும், காற்றே இல்லாமல், 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் வரை ஓடும். அதை நம்பித்தான் டிக்கியில் ஸ்டெப்னி வைக்காமல் விட்டார்கள். காற்றில்லாமல் எடையைத் தாங்க வேண்டும் என்பதால் பக்கச்சுவர் கெட்டி. சிறு சிறு வெடிப்புகூட முதுகுக்குத் தெரியும். சாதா டயருக்கு மாறினால் கார் இன்னும் மிருதுவாகும், ஸ்டீயரிங் இன்னும் தெளிவாகப் பேசும் என்பது என் கட்சி. ஸ்டெப்னிக்கு இடம் இல்லை என்றாலும் சட்டச் சிக்கல் இல்லை; டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் வசதியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் விதியைத் திருத்திவிட்டார்கள். பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசர், ஒட்டும் திரி, ஊசி என்று எல்லாவற்றையும் வாங்கி, பையில் போட்டு, செய்முறை விளக்கத்துக்கும் தயாரானேன்.

பாலக்காட்டில் வேலை பார்க்கும் மனைவிதான் வாரத்தில் பாதி நாள் இந்தக் காரை எடுத்துக்கொண்டு வாளையாறு தாண்டிப் போய் இருட்டியபின் திரும்புகிறாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். “ராத்திரி ஒம்பது மணிக்கு லாரிக்கு நடுவுல ஓரங்கட்டி, உங்க ஊசியும் திரியும் வெச்சுக்கிட்டு நா ரோட்டுல உக்காரோணுமாக்கும்? உங்க ஸ்டீயரிங் பேசறது இருக்கட்டும்” என்றாள். அடுத்த செட்டும் ரன்ஃப்ளாட்தான். முன்னால் 225/45, பின்னால் 255/40, நட்சத்திரக் குறியோடு, ஆறு மாதத்துக்குள் செய்த டயராகப் பார்த்து எடுத்துவைக்கும்படி கடையில் சொல்லியாயிற்று.